மாட்டிடம் மட்டும் சொன்னது

ஊரில் அவளுக்கு நாலுமணியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது; அது அடையாள அட்டைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் நாலு மணி, மாலையில் நாலு மணி, மழையோ வெயிலோ, காய்ச்சலோ கல்யாணமோ, அவளை மாட்டுக்கொட்டகையில்தான் பார்க்கலாம். பால்வண்டிக்காரன் விளையாட்டாக வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது வீட்டுக்காரரே கோபம் வந்தால், "ஏ நாலுமணி!" என்றுதான் கத்துகிறார்.

வயது நாற்பத்தாறு. பார்க்கிறவர்கள் ஐம்பத்தாறு என்பார்கள். அவள் காதுபடச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

நிலம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் தக்காளியும் கத்தரியும், அதற்குப் பின்னால் மாட்டுக்குப் புல். சூடான டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடந்தால், டீ ஆறுவதற்குள் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அந்த இத்தனூண்டு இடம் ஒரு ஆளை முழுசாகத் தின்றுவிடும். பால்வண்டி போனதும் சாணி அள்ள வேண்டும். அள்ளி முடிப்பதற்குள் கோழிகள் காலைச் சுற்றும். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தால், வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் பம்பைப் போடுவார், அணைக்க மாட்டார். ஓடிப்போய் அணைத்துவிட்டுத் திரும்பினால் உலை பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். அதன் பிறகு தக்காளி பறிப்பது, புல் அறுப்பது, துணி, பாத்திரம், மறுபடியும் சாணி. அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு அவள் மகள் பார்த்ததில்லை. ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் ஏதாவது ஒரு வாளி. இரவில் அவள் படுத்தாள் என்று சொல்ல முடியாது. விழுந்தாள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மாடுகள் மூன்று. இரண்டு பரமசாது. யார் உட்கார்ந்தாலும் கறக்கும். மூன்றாவதுதான் மகாராணி. மற்ற இரண்டும் சேர்ந்து கொடுப்பதைவிட இவள் ஒருத்தி அதிகம் கொடுப்பாள், ஆனால் நாலுமணியக்காவுக்கு மட்டும்தான் கொடுப்பாள். கன்றை அவிழ்த்து விட்டால் நன்றாகச் சுரப்பாள். நாலு வாய் குடித்த கன்றை இழுத்துக் கட்டிவிட்டு வேறு யாராவது மடியில் கை வைத்தால் போதும், பாலை அடக்கிக்கொள்வாள். அப்புறம் தலைகீழாக நின்று பிழிந்தாலும் வாளியின் அடிகூட நனையாது. மிச்சம் வைத்தாலும் ஆபத்து, மடி வீங்கிக் கல்லாகிவிடும். எனவே எட்டு வருடமாக அக்கா ஒரு வேளைகூட வெளியில் தங்கியதில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

கறக்கும்போது அக்கா பேசுவாள். தலையை மகாராணியின் விலாவில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்ய, முணுமுணுவென்று பேசிக்கொண்டே இருப்பாள். பகலில் அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் வா, போ, நகரு, சாப்பிடு என்ற நாலே வார்த்தைதான். மிச்சமெல்லாம் மகாராணிக்கு. வீட்டுக்காரரின் மறதி, ஒழுகுகிற கூரைத் தகரம், முழங்கை வலி, நாத்தனார் என்றைக்கோ சொன்ன ஒரு சொல், எட்டு மணி வரைக்கும் ஒரே ஒரு நாள் தூங்க வேண்டும் என்கிற ஆசை, எல்லாம் அங்கேதான் இறங்கும். அவள் இறக்க இறக்க, மகாராணியும் இறக்குவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் தங்கை போன் செய்தாள்.

தங்கை ஒண்டிக்கட்டை. ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிற நகரத்தில் ஒரு தையல் கடையில் வேலை. மாடியில் ஒற்றை அறை. வயிற்றில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நாளும் குறித்தாகிவிட்டது.

"நாலு நாள் கூட ஆள் இருக்கணும்னு சொல்றாங்கக்கா. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். அக்கா பதில் சொல்வதற்குள் அவளே, "முடியலைன்னா பரவால்ல. பக்கத்து ரூம் பொண்ணைக் கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

அந்தப் 'பரவால்ல' அக்காவின் நெஞ்சில் போய்க் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அந்த ஒரே ஒரு முறையை இப்போது சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், அக்காவின் அம்மா உடம்புக்கு முடியாமல் தங்கையின் அறையில்தான் படுத்திருந்தாள். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் தங்கை கூப்பிட்டு, "அம்மா உன்னையே கேட்டுட்டு இருக்காங்க. உடனே கிளம்பி வா" என்றாள். பத்து மணிக்கு ஒரு பஸ் இருந்தது. ஏறியிருந்தால் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மகாராணி கன்று போட்டு இரண்டு மாதம்; கொட்டோ கொட்டென்று கொட்டுகிற பால். சாயங்காலக் கறவையை முடித்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் வருகிறேன் என்றாள் அக்கா. வீட்டுக்காரரும் அதுதான் சரி என்றார். அம்மா ஏழு மணிக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில் அக்கா பஸ்ஸில், ஜன்னலோரம், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அடக்கம் முடிந்த கையோடு திரும்பிவிட்டாள். வீட்டுக்காரர் அடக்கத்துக்கே வரவில்லை, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமல்லவா? கன்றைக் கட்டிப் போட்டுவிட்டு, அவரும் முடிந்த மட்டும் பிழிந்து பார்த்திருக்கிறார். மடி வீங்கி மகாராணி நிற்க முடியாமல் நின்றாள். வெந்நீர் ஒத்தடமும் மருந்துமாக மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் தக்காளி பழுத்துவிட்டது. அழுவதற்கு ஒரு பொழுதை ஒதுக்க வேண்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். வேலை மும்முரத்தில் அது தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

தங்கை அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடும்போது அக்கா, "நான் போறேன்" என்றாள். "இந்தத் தடவை போகலைன்னா நான் மனுஷியே இல்லை."

வீட்டுக்காரரும் மகளும் ஒரே நேரத்தில் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் மோசமான மனிதர் இல்லை. மறதி அதிகம், தோள்பட்டை வலி அதிகம், வாய்ச்சவடால் எல்லாவற்றையும்விட அதிகம். "போயிட்டு வா. இன்னும் பத்து நாள் இருக்குல்ல? அதுக்குள்ள மகாராணியை நான் வழிக்குக் கொண்டு வர்றேன். கேவலம் ஒரு மாட்டுகிட்டயா தோத்துடுவேன்?" என்றார்.

முதல் நாளே தோற்றார். வாளி ஒரு பக்கம் உருண்டது, அவர் ஒரு பக்கம் உருண்டார். உருண்ட இடத்தில் சாணி இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

இரண்டாம் நாள் ஒரு யோசனை செய்தார். அக்கா கொட்டகை வேலைக்கென்று ஒரு முழுக்கைச் சட்டை வைத்திருந்தாள். ஒரு காலத்தில் அவருடையதுதான். இப்போது அவருக்குத் தொப்பையில் பொத்தான் சேராது. அதை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். மகாராணி திரும்பி, சட்டையை மோந்து பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வாலைச் சுழற்றி அவர் முகத்தில் ஒன்று வைத்தாள்.

"சட்டைக்கு ஏமாற அது என்ன முட்டாளாப்பா?" என்றாள் மகள். பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறாள். அந்த வீட்டில் வேலை செய்யாமல் யோசிப்பதற்கு நேரம் இருக்கிற ஒரே ஜீவன் அவள்தான். "அம்மா பேசிட்டேதான் கறப்பாங்க. நீங்க ஊமை மாதிரி உக்காந்தா எப்படிப் பால் வரும்?"

"என்ன பேசுவா?"

"உங்களைத் திட்டுவாங்க."

"ஏய், வாயை மூடுடி" என்றாள் அக்கா.

"இரு, அவ சொல்லட்டும். என்னன்னு திட்டுவா?"

மகள் விரல் விட்டு எண்ணினாள். "எனக்குச் சரியாக் கேக்காது. ஆனா பம்ப் வரும். கூரைத் தகரம் வரும். ஈரத் துண்டைக் கட்டில்ல போடறது கண்டிப்பா வரும்."

மறுநாள் மாலை வீட்டுக்காரர் மகாராணியின் அருகில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "இந்த மனுஷன் இருக்காரே, பம்பைப் போட்டா அணைக்கவே மாட்டார்" என்று ஆரம்பித்தார். மகாராணி ஒரு காதை மட்டும் திருப்பினாள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "போன மழைக்கே தகரத்தை மாத்தறேன்னார். மாத்தினாரா? சோம்பேறி! ஈரத் துண்டைக் கொண்டாந்து கட்டில்ல போடுவார், கேட்டா மறந்துட்டேன்பார். எனக்குன்னு வந்து வாய்ச்சுது பாரு!" வெளியே நின்றிருந்த அக்கா வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்றோ. மகாராணி ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். அதற்குமேல் அவர் தன்னைத் தானே எவ்வளவு கேவலப்படுத்திக்கொண்டும் பயனில்லை.

அப்போதுதான் மகளுக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவின் குரலைப் போனில் பதிவு செய்துவிட்டால் என்ன?

முதலில் அக்காவைப் பலகையில் உட்கார வைத்து, முன்னால் போனை நீட்டினாள். அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ம்... மகாராணி... நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். அதைப் போட்டுக் காட்டியபோது, யாரோ புது ஆள் வந்திருக்கிறார்கள் என்று மகாராணி எழுந்து தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மாலை. அக்கா நம்பிக்கையை விட்டுவிட்டாள். துணிப்பையில் எடுத்து வைத்த இரண்டு உடுப்பையும் வெளியே எடுத்து மடித்து வைத்துவிட்டு, தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி உட்கார்ந்ததும்தான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. போகவும் வேண்டாம், இருக்கவும் வேண்டாம், யாராவது தன்னை இந்தத் தரையிலேயே விட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

மகள் போனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "திட்டக் கூடாது" என்று முன்ஜாமீன் கேட்டுக்கொண்டாள். "நேத்தும் இன்னிக்கும் காலையில தீவனத் தொட்டிக்கு மேல பலகை இடுக்குல போனை வச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாம. அரைமணி அரைமணி நேரம், ரெண்டு இருக்கு."

"கேக்காம எப்படிடி அதைச் செய்வே?"

"கேட்டா நீங்க ஒழுங்காத் திட்ட மாட்டீங்க."



மாலைக் கறவைக்கு வீட்டுக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பதிவு ஓடியது. "வந்துட்டேன்டி, வந்துட்டேன், உனக்கு மட்டும்தான் அவசரமா..." என்று அக்காவின் குரல் அவர் நெஞ்சிலிருந்து கிளம்பியது. பம்ப் வந்தது, தகரம் வந்தது, நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஓட்டினார். வாளியில் சர் சர்ரென்று சத்தம் கேட்டது. நுரை ததும்புகிற வாளியோடு அவர் வெளியே வந்தபோது முகத்தில் பெருமையும் அசடும் சேர்ந்து வழிந்தன.

"இவ்வளவா திட்டறே என்னை?"

"அது மாடு கேக்கறதுக்கு."

"நானும்தான் கேட்டேனே" என்றவர், போகிற வழியில் பம்பை அணைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலைக் கறவையை முடித்துவிட்டு அக்கா பத்து மணி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்த முறை தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு காலையிலும் தான் என்னென்ன சொன்னோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவில்லை. வாய் பேசும், மனம் எங்கேயோ இருக்கும், அதுதானே பழக்கம். ஒருநாள் கோபத்தில், 'நீ செத்துத் தொலைஞ்சாலாவது எனக்கு விடிவு வரும்' என்று மகாராணியிடம் சொன்னது நினைவு வந்தது. அது எந்த நாள்? வீட்டுக்காரரைக் கட்டியதே தப்பு என்றும் எப்போதோ சொல்லியிருக்கிறாள், யார்தான் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றியும் அவ்வப்போது சொல்வதுண்டு. அதை மட்டும் வேறு யாரும் கேட்கக் கூடாது. கூப்பிட்டு, அழித்துவிடு என்று மகளிடம் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். அழித்தால் மாடு கறக்காது. மாடு கறக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும். போனைப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரியில் தங்கையை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போகிறவர்கள் வந்துவிட்டார்கள். தள்ளுகட்டிலில் படுத்தபடி அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்த்துப்போன அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ வருவேன்னு நான் நினைக்கலைக்கா."

"நானும்தான் நினைக்கலை" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டியை எடுத்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் தங்கையால் நாலு நாளுக்குத் தானாக எழுந்து உட்கார முடியாது, இருமக்கூட முடியாது. அக்கா அவளைப் புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்துவிட்டாள், தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுத்தாள். வேலையா இது? கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது, அதில் உட்கார்ந்துகொண்டே முக்கால்வாசியைச் செய்துவிடலாம். சும்மா இருக்கிற நேரத்தில் தன் விரல்கள் மடியில் தாமாக மூடி மூடித் திறப்பதை அவள் கவனித்தாள். பக்கத்துக் கட்டில் பாட்டியம்மாவின் போர்வையைக்கூட உதறி மடித்து வைத்தாள். எத்தனையோ வருடக் களைப்பு, ஓய்ந்து உட்கார்ந்ததும் ஒட்டுமொத்தமாக வந்து தோளில் ஏறிக்கொண்டது.

அன்று மாலை வீட்டுக்காரர் கூப்பிட்டு, "ஏழு லிட்டர்! எப்படி?" என்றார். மறுநாள் காலை ஆறு என்றார். மாலையில் குரல் இறங்கியிருந்தது.

"நாலுதான் வந்துச்சு. ஒரே திட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதுக்கு அலுத்துப் போச்சு போல. நாளைக்குக் காலையில அந்த ரெண்டாவதைப் போட்டுப் பாக்கறேன்."

"மடி எப்படி இருக்கு? அமுக்கிப் பாத்தீங்களா?"

"கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. நீ கவலைப்படாதே."

கவலைப்படாதே என்று அவர் சொன்னால் கவலைப்பட வேண்டும் என்று அர்த்தம். மடிநோய் வந்துவிட்டால் மாடு போச்சு. இரண்டாவது பதிவில் என்ன இருக்கிறதோ, அது வேறு. தங்கை கண் மூடிப் படுத்திருந்தாள். அவள் தூங்கவில்லை என்று அக்காவுக்குத் தெரியும்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் போலடி" என்றாள் அக்கா. "மாடு படுத்துது. போய் என்னன்னு பாத்துட்டு, ரெண்டு நாள்ல மறுபடி வர்றேன்."

மறுபடி வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"பரவால்லக்கா" என்றாள் தங்கை. "பக்கத்து ரூம் பொண்ணை வரச் சொல்றேன்."

மறுநாள் காலை அக்கா தங்கைக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். மாத்திரைகளை வேளை வேளையாகப் பிரித்துச் சின்னச் சின்னப் பொட்டலம் கட்டினாள். தன் பையை எடுத்து நாற்காலியில் வைத்தாள். மணி ஏழரை இருக்கும், போன் அடித்தது. பால்வண்டி வந்து போகிற நேரத்தில் வீட்டுக்காரர் கூப்பிடவே மாட்டார்.

"மாட்டுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. கன்னுக்குட்டியை அவுத்து விட்டுட்டேன்."

"ஏன், கறக்க விடலையா?"

"விட்டுச்சு. நல்லாவே விட்டுச்சு. நான்தான் பாதியில எழுந்துட்டேன்." கோழி கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. "அந்த ரெண்டாவது பதிவு. அதுல நீ உங்கம்மாவைப் பத்திப் பேசறே."

அக்கா நாற்காலியில் கிடந்த பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"'ஒரு வேளைப் பாலை உன் கன்னு குடிச்சிருந்தா என்னடி குறைஞ்சு போயிருக்கும்? எனக்கும் தோணலை, அந்த மனுஷனுக்கும் தோணலை'ன்னு மாட்டுகிட்ட கேக்கறே. அப்புறம் ரொம்ப நேரம் நீ பேசவே இல்லை. பால் விழற சத்தம் மட்டும்தான் கேக்குது." அவர் மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்குப் பக்கத்துலதான் கட்டியிருந்துச்சு அந்தக் கன்னு. நான்தான் கட்டினேன். நீ பஸ்ஸுக்குப் போ, இதை அவுத்து விட்டுக்கலாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சத்தியமா எனக்குத் தோணலை. அஞ்சு வருஷமா, இன்னிக்கு வரைக்கும் தோணலை."

இத்தனை வருடம் அக்கா மனதுக்குள் இவரை எத்தனையோ முறை கூண்டில் நிறுத்தி விசாரித்திருக்கிறாள். இப்போது அவராகவே வந்து நிற்கும்போது, கேட்பதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

"நீ கிளம்பி வர வேண்டாம்" என்றார் அவர். "கன்னு வயிறு முட்டக் குடிச்சுட்டு நிக்குது. சாயங்காலமும் அவுத்து விடறேன். மடி தளந்துடுச்சு, நானே அமுக்கிப் பாத்தேன். வண்டிக்காரன்கிட்ட ரெண்டு மாட்டுப் பால்தான்னு சொல்லிட்டேன். சரின்னுட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். ஒண்ணுமே ஆகலை."

"அவ்வளவு பாலும் குடிச்சா கன்னுக்குக் கழியும்" என்றாள் அக்கா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "மருந்து அலமாரியில மேல் தட்டுல இருக்கு. பச்சை மூடி. கழிஞ்சா மட்டும் குடுங்க."

"சரி. நீ அந்த நாலு நாளும் முழுசா இருந்துட்டு வா."

"நாலு நாள் பத்தாது" என்றாள் அக்கா. "அவ எழுந்து நடக்கணும். பத்து நாள் ஆகும்."

பத்து நாள் சாணியும் பத்து நாள் அடுப்பும் அவர் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

"சரி" என்றார்.

தங்கை தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"போகலை." அக்கா பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "பக்கத்து ரூம் பொண்ணை வர வேண்டாம்னு சொல்லிடு."

தங்கை வலிக்க வலிக்க, கட்டிலில் ஓரமாக நகர்ந்து, அக்கா உட்காருவதற்கு இடம் விட்டாள்.

"இரு, இந்த டம்ளரைக் கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்தாள். நடைபாதைக் கடைசியில் கை கழுவுகிற தொட்டி இருந்தது. குழாயைத் திறந்து டம்ளரை நீட்டினாள். அது நிரம்பி வழிந்தது. அணைக்க வேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது; அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வெட்கம் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள்.

ஒரு நர்ஸ் ஓடி வந்து குழாயை மூடினாள். "என்னம்மா? பேஷன்ட்டுக்கு என்ன ஆச்சு?"

"அவ நல்லா இருக்கா. அவளுக்கு ஒண்ணுமில்லை."

"அப்புறம் ஏம்மா இப்படி அழறீங்க?"

"எங்கம்மா செத்துட்டாங்க" என்றாள் அக்கா.

நர்ஸ் அவள் தோளைப் பிடித்து, சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். "ஐயோ பாவம். எப்பம்மா?"

"அஞ்சு வருஷமாச்சு" என்றாள் அக்கா.